வரி பூஜ்யம், பதிவு கட்டாயம்: அமெரிக்காவின் மத்திய துப்பாக்கிச் சட்ட மாற்றங்கள்

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பவர் ஒரே நேரத்தில் இரண்டு சட்டங்களுக்குக் கட்டுப்பட்டவர். ஒன்று அவர் வசிக்கும் மாநிலத்தின் சட்டம். மற்றொன்று வாஷிங்டனில் இயற்றப்படும் மத்திய சட்டம். பொது இடத்தில் கைத்துப்பாக்கியுடன் நடமாடலாமா, வாங்கும் முன் அனுமதிச் சீட்டு பெற வேண்டுமா என்பதைப் பெரும்பாலும் மாநிலம் முடிவு செய்கிறது. யார் துப்பாக்கியைத் தொடவே கூடாது, கடைக்காரர் என்ன விசாரிக்க வேண்டும், எந்த வகை ஆயுதத்தை அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்பவை மத்திய சட்டத்துக்கு உரியவை. 1994-க்குப் பிறகு பெரிய கட்டுப்பாட்டுச் சட்டம் எதுவும் வராத வாஷிங்டனில், 2022 முதல் 2026 வரை மாற்றங்கள் அடுத்தடுத்து வந்தன. சில கட்டுப்பாட்டை இறுக்கின, சில தளர்த்தின, சில வந்த வேகத்திலேயே ரத்தாயின.

மாற்றம் வரும் வழிகள் மூன்று. காங்கிரஸ் சட்டம் இயற்றலாம். அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் ஏடிஎஃப் அமைப்பு விதி வகுக்கலாம். மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் ஆகியவற்றுக்குப் பொறுப்பான இந்த அமைப்பு 2003 முதல் நீதித்துறையின் கீழ் இயங்குகிறது. மூன்றாவது வழி நீதிமன்றம். ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பேசும், 1791-இல் அரசியலமைப்பில் சேர்ந்த இரண்டாவது திருத்தத்தின் பொருளையோ ஏடிஎஃப்பின் அதிகார எல்லையையோ அது வரையறுக்கலாம். ஒரு மாற்றம் எந்த வழியாக வந்தது என்பதைக் கவனிப்பது உரிமையாளருக்கு மிக அவசியம். காங்கிரஸ் எழுதியது எளிதில் மாறாது. ஏடிஎஃப் எழுதியது அடுத்த அதிபர் வரும்வரைகூட நிற்காமல் போகலாம்.

அடித்தளம் 1934-இன் தேசிய துப்பாக்கிச் சட்டம். மதுவிலக்குக் காலக் கும்பல் சண்டைகளுக்குப் பிறகு வந்த அந்தச் சட்டம் எந்த ஆயுதத்தையும் தடை செய்யவில்லை. இயந்திரத் துப்பாக்கி, குழல் குட்டையான ரைஃபிள், குழல் குட்டையான ஷாட்கன், சைலன்சர் போன்றவற்றைத் தயாரிக்கவும் கைமாற்றவும் 200 டாலர் வரி விதித்து, ஒவ்வொன்றையும் பதிவு செய்யச் சொன்னது. இன்றைய மதிப்பில் அந்த 200 டாலர் 4,500 டாலருக்கும் மேல். சாதாரண மனிதர் நெருங்க முடியாதபடி செய்வதே நோக்கம். முதல் வரைவில் கைத்துப்பாக்கியும் இருந்தது. குழலை அறுத்த ரைஃபிளும் ஷாட்கனும் பட்டியலில் சேர்ந்ததற்குக் காரணமே அதுதான்: கைத்துப்பாக்கியைக் கட்டுப்படுத்தினால் மக்கள் நீளத் துப்பாக்கியை வெட்டிச் சிறியதாக்கிக்கொள்வார்கள் என்ற அச்சம். இறுதியில் கைத்துப்பாக்கி பட்டியலிலிருந்து நீங்கியது, குட்டைக் குழல் மட்டும் நின்றுவிட்டது. ரைஃபிளுக்கு 16 அங்குலம், ஷாட்கனுக்கு 18 அங்குலம் என்ற எல்லைக்கு அரை அங்குலம் குறைந்தாலும் பதிவில்லாத உரிமையாளருக்குப் பத்தாண்டு வரை சிறை காத்திருப்பது இந்த வரலாற்று விபத்தினால்தான்.

அதன் மேல் அடுக்கப்பட்டவை 1968, 1986, 1993 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள். அதிபர் கென்னடியைக் கொன்ற ரைஃபிள் தபாலில் வரவழைக்கப்பட்டது. மார்ட்டின் லூதர் கிங், ராபர்ட் கென்னடி கொலைகளும் சேர்ந்தபின், 1968 சட்டம் தபால் விற்பனையை நிறுத்தியது; வணிகம் உரிமம் பெற்ற கடைக்காரர் வழியாகவே நடக்க வேண்டும் என்றது; துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியற்றவர்களைப் பட்டியலிட்டது. 1986 சட்டம் உரிமையாளர்களுக்குச் சில பாதுகாப்புகளைத் தந்தது. சாதாரணத் துப்பாக்கிகளுக்கு மத்தியப் பதிவேடு எதுவும் உருவாக்கக் கூடாது என்பது அவற்றில் முதன்மையானது. கூடவே, அந்த ஆண்டு மே 19-க்குப் பின் தயாரான இயந்திரத் துப்பாக்கிகள் பொதுமக்களுக்குக் கிடைக்காமல் கதவை மூடியது. அதிபர் ரீகனைக் கொல்ல நடந்த முயற்சியில் தலையில் குண்டு பாய்ந்த ஜேம்ஸ் பிரேடியின் பெயரைத் தாங்கிய 1993 சட்டம், கடையில் வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. 1998 நவம்பர் முதல் எஃப்பிஐ நடத்தும் ‘நிக்ஸ்’ கணினி அமைப்பு அந்த வேலையைச் செய்கிறது.

2022 மே மாதம் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் ஒரு பல்பொருள் அங்காடியில் 10 பேர் கொல்லப்பட்டனர். பத்து நாளில் டெக்சஸின் யுவால்டேயில் ஒரு தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் கொல்லப்பட்டனர். இரண்டு இடத்திலும் சுட்டவருக்கு வயது 18. ஜூன் 25 அன்று, இரு கட்சியினரும் ஆதரித்த சட்டத்தில் அதிபர் பைடன் கையெழுத்திட்டார். அதன்படி 21 வயது நிரம்பாதவர் கடையில் துப்பாக்கி வாங்கினால் சிறார் குற்றப் பதிவுகளையும் மனநல ஆவணங்களையும் மாநில அமைப்புகளிடமும் உள்ளூர்க் காவல்துறையிடமும் கேட்டுப் பார்க்க வேண்டும். சந்தேகத்துக்கு இடமிருந்தால் பத்து வேலை நாள் வரை காத்திருப்பு நீளும். மற்றவர்களுக்கு இந்த வரம்பு மூன்று வேலை நாள்தான். அதற்குள் பதில் வராவிட்டால் கடைக்காரர் விரும்பினால் துப்பாக்கியை ஒப்படைக்கலாம். அண்மைக் காலத்தில் வந்த மாற்றங்களில் நோக்கமும் வழியும் ஒன்றுக்கொன்று மிகப் பொருந்தி நிற்பது இதுதான். துப்பாக்கியையோ உரிமையையோ தொடாமல், ஆவணங்களைத் தேடிப் பார்க்கும் அவகாசத்தை மட்டுமே அது கூட்டியது.

அதே சட்டம் இன்னும் சிலவற்றையும் செய்தது. மனைவியை அடித்துத் தண்டனை பெற்றவர் துப்பாக்கி வைத்திருக்க 1996 முதலே தடை உண்டு; அது காதலியை அடித்தவருக்கும் விரிவானது. வாங்கத் தகுதியற்ற ஒருவருக்காக மற்றவர் தன் பெயரில் வாங்கிக் கொடுப்பது 15 ஆண்டு வரை சிறைக்குரிய தனிக் குற்றமானது. தகுதியற்றவர் துப்பாக்கி வைத்திருப்பதற்கான உச்சத் தண்டனையும் பத்திலிருந்து 15 ஆண்டாக உயர்ந்தது. இவை காங்கிரஸின் சொற்கள் என்பதால் அதிபர் மாறியும் மாறாமல் நிற்கின்றன.

விதிகளின் கதை வேறு. 2017 அக்டோபர் 1 அன்று லாஸ் வேகஸ் இசை விழாவில் நடந்த படுகொலையில் ‘பம்ப் ஸ்டாக்’ என்ற பொருத்துக்கருவி பயன்பட்டது. துப்பாக்கியின் பின்னுதைப்பைப் பயன்படுத்தி விசையை மிக வேகமாகத் திரும்பத் திரும்ப அழுத்த வைப்பது அதன் வேலை. ஏடிஎஃப் அதற்கு முன் அதைச் சட்டபூர்வமானது என்றே சொல்லிவந்தது. 2018 டிசம்பரில், முதல் டிரம்ப் ஆட்சியில், அதே கருவி இயந்திரத் துப்பாக்கியின் வரையறைக்குள் வருகிறது என்று விதி எழுதியது. உரிமையாளர்கள் 90 நாளில் அழிக்கவோ ஒப்படைக்கவோ வேண்டும், இழப்பீடு கிடையாது. ஆஸ்டின் நகரத் துப்பாக்கிக் கடைக்காரர் மைக்கேல் கார்கில் தன்னிடமிருந்தவற்றை ஒப்படைத்துவிட்டு வழக்குத் தொடுத்தார். 2024 ஜூன் 14 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றது: ஒவ்வொரு குண்டுக்கும் விசை தனியாக இயங்குவதால் அது இயந்திரத் துப்பாக்கி ஆகாது. சொன்னபடி அழித்துவிட்டவர்களுக்கு எதுவும் திரும்பவில்லை. பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அந்தக் கருவிக்கு மாநிலத் தடை தனியாக இருப்பதையும் மறக்கக் கூடாது.

‘பிரேஸ்’ விவகாரம் இதைவிட நீளமானது, உரிமையாளர்களை அதிகம் அலைக்கழித்ததும் அதுவே. ரைஃபிளைப் போன்ற, ஆனால் குட்டைக் குழல் கொண்ட பெரிய கைத்துப்பாக்கியை ஒற்றைக் கையால் பிடித்துச் சுட, முன்கையோடு கட்டிக்கொள்ளும் தாங்கி அது. உடல் ஊனமுற்ற முன்னாள் ராணுவ வீரர் ஒருவருக்காக 2012-இல் உருவானது. இதைப் பொருத்துவதால் துப்பாக்கியின் வகை மாறாது என்று ஏடிஎஃப் அப்போது கடிதம் கொடுத்தது. பலர் அதைத் தோளில் வைத்துச் சுடத் தொடங்கியதும், அப்படிச் சுடுவதே அதைக் குட்டைக் குழல் ரைஃபிளாக மாற்றிவிடும் என்று 2015-இல் சொன்னது. 2017-இல் அந்தக் கருத்திலிருந்து பின்வாங்கியது. 2020 இறுதியில் புதிய அளவுகோல் ஒன்றை முன்வைத்து, சில நாளில் திரும்பப் பெற்றது. கடைசியில் 2023 ஜனவரி 31 அன்று வெளியான விதி, பிரேஸ் பொருத்திய பெரும்பாலான துப்பாக்கிகளை 1934 சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. மே 31-க்குள் வரியில்லாமல் பதிவு செய்யலாம், அல்லது பிரேஸைக் கழற்றி இனிப் பொருத்த முடியாதபடி செய்யலாம், அல்லது நீளக் குழல் மாட்டலாம், ஒப்படைக்கலாம், அழிக்கலாம். புழக்கத்தில் குறைந்தது 30 லட்சம் பிரேஸ்கள் இருக்கும் என்பது அரசின் சொந்த மதிப்பீடு. வந்த விண்ணப்பங்களோ சுமார் இரண்டரை லட்சம்.

2024 ஜூனில் டெக்சஸ் மத்திய நீதிமன்றம் ஒன்று அந்த விதியை நாடு முழுவதற்கும் ரத்து செய்தது. 2025 ஜூலையில் அரசு மேல்முறையீட்டைக் கைவிட்டது. ஆக விதி இல்லை. ஆனால் 1934-இன் வரையறை அப்படியே இருக்கிறது. குட்டைக் குழலோடு, தோளில் வைத்துச் சுடுவதற்கென்றே செய்த கட்டை சேர்ந்தால் அது பதிவுக்குரிய ரைஃபிள்தான். அலமாரியில் இருக்கும் ஒரே பொருள் சுமார் பன்னிரண்டு ஆண்டுகளில் சட்டபூர்வம், ஐயத்துக்கிடம், மறுபடி சட்டபூர்வம், குற்றம், மறுபடி சட்டபூர்வம் என்று நிலை மாறியிருக்கிறது. இதில் மிகவும் பாதிக்கப்பட்டவர் அரசு சொன்னதை நம்பி நடந்தவர். பத்தாண்டுச் சிறை தரும் ஒரு வரையறையைக் கடிதத்துக்குக் கடிதம் மாற்றுவது துப்பாக்கிக் கட்டுப்பாட்டை விரும்புவோருக்கும் நன்மை தரவில்லை. கட்டுப்பாடு உண்மையில் தேவைப்படும் இடத்திலும் அரசின் சொல்லுக்கு மதிப்புக் குறைந்துபோயிற்று.

எல்லா விதியும் விழுந்துவிடவில்லை. வீட்டிலேயே பூர்த்திசெய்து கோக்கும்படி பாதி முடித்த பாகங்களாக விற்கப்பட்ட துப்பாக்கிகளுக்கு வரிசை எண் கிடையாது. குற்றம் நடந்தால் தடம் பிடிக்க வழியில்லை. ‘கோஸ்ட் கன்’ என்று பெயர் பெற்ற இவற்றுக்கு 2022 ஆகஸ்டில் அமலான விதி, எளிதில் துப்பாக்கியாக மாற்றக்கூடிய பாகத் தொகுப்பையும் துப்பாக்கியாகவே கருதச் சொன்னது. 2025 மார்ச் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அந்த விதியை ஏற்றது. இன்று அத்தகைய தொகுப்பை விற்பவருக்கு உரிமம் வேண்டும், எண் பொறிக்க வேண்டும், வாங்குபவரின் பின்னணி சரிபார்க்கப்பட வேண்டும். தன் சொந்தப் பயன்பாட்டுக்காக ஒருவர் அடிப்படையிலிருந்து துப்பாக்கி செய்துகொள்வதை மத்திய சட்டம் இப்போதும் தடுக்கவில்லை. தடுக்கும் மாநிலங்கள் உண்டு.

2025 பிப்ரவரி 7 அன்று டிரம்ப் பிறப்பித்த ஆணை, பைடன் காலத்து துப்பாக்கி விதிகளை எல்லாம் மறுஆய்வு செய்யச் சொன்னது. ஏப்ரலில், ஆவணத் தவறுக்குக் கடைக்காரரின் உரிமத்தைப் பறிக்கும் கடுமையான கொள்கை கைவிடப்பட்டது. மே மாதம், விசையைத் தானே முன்னுக்குத் தள்ளி வேகமாகச் சுட உதவும் ‘ஃபோர்ஸ்டு ரீசெட் டிரிக்கர்’ தொடர்பான வழக்கில் அரசு அதை விற்கும் ரேர் பிரீட் நிறுவனத்துடன் சமரசம் செய்துகொண்டது. ஏடிஎஃப் இயந்திரத் துப்பாக்கி என்று சொல்லிக் கைப்பற்றிய விசைகள் உரியவர்களிடம் திரும்பத் தொடங்கின. இதுவும் காங்கிரஸ் எழுதியது அல்ல என்பதை வாங்குபவர் நினைவில் வைக்க வேண்டும்.

காங்கிரஸ் எழுதிய பெரிய மாற்றம் 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான வரி, செலவினச் சட்டத்துக்குள் வந்தது. 2026 ஜனவரி 1 முதல் சைலன்சர், குட்டைக் குழல் ரைஃபிள், குட்டைக் குழல் ஷாட்கன், இதர ஆயுதங்கள் என்ற பிரிவு ஆகியவற்றுக்கான வரி பூஜ்யம். இயந்திரத் துப்பாக்கிக்கும் வெடிகருவிகளுக்கும் 200 டாலர் தொடர்கிறது. சைலன்சரை 1934 சட்டத்திலிருந்தே நீக்கிவிட வேண்டும் என்றுதான் பிரதிநிதிகள் சபையின் வரைவு சொன்னது. ஆனால் செனட்டில் 51 வாக்குகளில் நிறைவேறும் பட்ஜெட் மசோதாவுக்குள் வரவு செலவோடு நேரடித் தொடர்பில்லாத எதையும் நுழைக்க முடியாது. பதிவை நீக்குவது அந்த வரம்பைத் தாண்டுகிறது என்று செனட்டின் விதி அதிகாரி கூறிவிட்டார். வரி மட்டும் போயிற்று.

எனவே சைலன்சர் இனிக் கடையில் போய் உடனே எடுத்துவரும் பொருளாகிவிட்டது என்று நினைப்பது ஆபத்தான தவறு. கடையில் வாங்குவதென்றால், சைலன்சர் விற்கத் தனித் தகுதி பெற்ற கடைக்காரரிடம்தான் வாங்க வேண்டும். விரல்ரேகை, புகைப்படம், உள்ளூர்க் காவல்துறைத் தலைமைக்கு அறிவிப்பு, ஏடிஎஃப்பின் ஒப்புதல் எல்லாம் முன்போலவே. ஒப்புதல் வரும்வரை பொருள் கடையிலேயே இருக்கும். தானே செய்துகொள்ள விரும்புபவர் ஒப்புதல் கைக்கு வந்த பின்புதான் வேலையைத் தொடங்கலாம். ரைஃபிள் குழலை முதலில் வெட்டிவிட்டு விண்ணப்பிப்பவர் குற்றத்தைத் தானே எழுதிக் கொடுக்கிறார். குட்டைக் குழல் ரைஃபிளையும் ஷாட்கனையும் வேறு மாநிலத்துக்குக் கொண்டுசெல்ல முன்கூட்டியே ஏடிஎஃப் அனுமதி பெற வேண்டும். சைலன்சருக்கு அந்த அனுமதி தேவையில்லை. ஆனால் கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, இல்லினாய் உட்பட எட்டு மாநிலங்களில் பொதுமக்கள் சைலன்சர் வைத்திருக்கவே கூடாது. மத்திய வரி பூஜ்யமானதால் அங்கே எதுவும் மாறவில்லை.

சைலன்சர் பற்றிய அச்சம் பெரும்பாலும் சினிமாவிலிருந்து வந்தது. ரைஃபிள் சத்தம் 160 டெசிபல் அளவில் இருக்கும். நல்ல சைலன்சர் அதில் 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கும். எஞ்சுவதும் பெருஞ்சத்தம்தான். ஆனால் வேட்டைக்காரர், பயிற்சிக் களத்தில் சுடுபவர் ஆகியோரின் செவித்திறனுக்கு அந்த வேறுபாடு பெரிது. வரி நீக்கத்தால் உண்மையான பலன் பெறுபவர்கள் அவர்களே.

பூஜ்ய வரி ஒரு சட்டக் கேள்வியையும் கிளப்பியிருக்கிறது. 1934 சட்டம் செல்லும் என்று 1937-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, வரி விதிக்கக் காங்கிரஸுக்கு அதிகாரம் உண்டு என்ற அடிப்படையில். வரியே இல்லாதபோது, வரி வசூலுக்காக வைத்த பதிவேடு எதன்மேல் நிற்கிறது? இந்தக் கேள்வியை எழுப்பித் துப்பாக்கி உரிமை அமைப்புகள் மத்திய நீதிமன்றங்களில் வழக்குத் தொடுத்துள்ளன. வழக்கு நிலுவையில் இருப்பது யாருக்கும் விலக்கு அளிக்காது. பதிவில்லாத சைலன்சரோடு பிடிபட்டவர் அந்த வாதத்தைத் தன் சொந்தச் சிறைத் தண்டனையைப் பணயம் வைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

பதிவு தேவைப்படாத சாதாரணத் துப்பாக்கி வாங்கும் முறை பெரிதாக மாறவில்லை. கடையில் 4473 என்ற படிவம், பிறகு நிக்ஸ் சரிபார்ப்பு. படிவத்தைக் கடைக்காரர் முன்பு 20 ஆண்டு வைத்திருந்தால் போதும். 2022 விதிக்குப் பின் கடை இருக்கும்வரை வைத்திருக்க வேண்டும். கடை மூடினால் ஆவணங்கள் மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள ஏடிஎஃப் மையத்துக்குப் போகின்றன. அங்கே கோடிக்கணக்கான பக்கங்கள் படமெடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் ஒரு பெயரைத் தட்டச்சு செய்து அவரிடம் என்னென்ன துப்பாக்கி என்று தேட முடியாது. பதிவேடு கூடாது என்ற சட்டத்துக்காக அந்த வசதி வேண்டுமென்றே விலக்கப்பட்டிருக்கிறது.

4473 படிவத்தில் பலர் சறுக்கும் இடம் கஞ்சா பற்றிய கேள்வி. பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் ஏதோ ஒரு வகையில் கஞ்சா அனுமதிக்கப்பட்டிருந்தாலும், மத்திய சட்டப்படி அதைப் பயன்படுத்துபவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. மருத்துவர் பரிந்துரை இருந்தாலும் அப்படியே. படிவத்தில் பொய் சொல்வது தனிக் குற்றம். அப்போதைய அதிபரின் மகன் ஹண்டர் பைடன் போதைப் பழக்கத்தை மறைத்துப் படிவம் நிரப்பியதற்காக 2024 ஜூனில் குற்றவாளி என்று தீர்ப்பானார். டிசம்பரில் தந்தை மன்னிப்பு அளித்தார். இந்தத் தடை இரண்டாவது திருத்தத்துக்கு ஒத்ததா என்ற வழக்கை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையாணை பெற்றவரிடமிருந்து துப்பாக்கியை விலக்கி வைக்கும் சட்டம் செல்லும் என்பதை 2024 ஜூனில், ரஹிமி வழக்கில், அந்த நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்று உறுதி செய்திருந்தது. பழைய தண்டனையால் உரிமை இழந்தவர்கள் அதை மீட்க மத்திய அரசிடம் விண்ணப்பிக்கும் வழி, நிதி ஒதுக்கப்படாததால் 1992 முதல் அடைபட்டுக் கிடந்தது. 2025-இல் நீதித்துறை அந்தப் பொறுப்பை ஏடிஎஃப்பிடமிருந்து தன்னிடம் எடுத்துக்கொண்டு மறுபடி திறக்கத் தொடங்கியது.

ஒரே மாநிலத்தில் வசிக்கும் இருவர் தமக்குள் துப்பாக்கியை விற்று வாங்கினால் மத்திய சட்டம் பின்னணிச் சரிபார்ப்பு கேட்பதில்லை. பல மாநிலங்கள் கேட்கின்றன. யார் ‘வணிகம் செய்பவர்’ என்ற வரையறையை 2022 சட்டம் விரிவாக்கியது: முக்கிய நோக்கம் லாபமானால் உரிமம் வேண்டும். சொந்தச் சேகரிப்பிலிருந்து எப்போதாவது ஒன்றை விற்பவரை அது தொடுவதில்லை. கடைகளில் கைத்துப்பாக்கி வாங்கும் வயது 21 என்ற 1968 விதியில் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் 2025-இல் எதிரெதிராகத் தீர்ப்பளித்தன. ஒன்று செல்லாது என்றது, மற்றொன்று செல்லும் என்றது.

அமெரிக்காவில் வேலைக்கோ படிப்புக்கோ சென்றிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் அறிய வேண்டிய பகுதி ஒன்று உண்டு. எச்1பி, எல்1, எஃப்1, எச்4 போன்ற குடியேற்றமில்லாத விசாவில் நுழைந்தவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது மத்தியக் குற்றம். மாநிலம் வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகளே உண்டு. நண்பர்களோடு பயிற்சிக் களத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் வைத்திருப்பதாகவே கணக்கு. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடுகடத்தப்படவும் அது போதும். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. மற்ற எல்லாத் தகுதி விதிகளும் அவருக்கும் பொருந்தும்.

மத்திய சட்டம் ஏறக்குறைய மௌனமாக இருக்கும் இடம், வீட்டில் துப்பாக்கியை வைக்கும் முறை. கைத்துப்பாக்கி விற்கும்போது கடைக்காரர் பூட்டு ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று 2005 சட்டம் சொல்கிறது. அதைப் பூட்ட வேண்டும் என்று எந்த மத்திய சட்டமும் சொல்லவில்லை. 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த சுமார் 48,800 பேரில் 26,000-க்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். மேலே சொன்ன வரியும் பதிவும் வரையறைகளும் இந்தச் சாவுகளைத் தொடுவதேயில்லை. வீட்டில் பிள்ளைகளோ மனம் தளர்ந்த ஒருவரோ இருந்தால், பூட்டுவதா என்பது சட்டத்தைக் கேட்டு முடிவு செய்யும் விஷயம் அல்ல.

உரிமையாளர் இறந்தபின் வரும் சிக்கலையும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சாதாரணத் துப்பாக்கி மரபுரிமைப்படி தகுதியுள்ள வாரிசுக்குப் போகும். 1934 சட்டத்தின் கீழ் பதிவானவற்றை வாரிசின் பெயருக்கு மாற்ற, சொத்தை நிர்வகிப்பவர் ஏடிஎஃப்பின் 5-ஆம் எண் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இதற்கு முன்பும் வரி இருந்ததில்லை. உயிரோடு இருக்கும்போதே டிரஸ்ட் ஒன்றின் பெயரில் பதிந்து வைத்தால் குடும்பத்தில் மற்றவரும் சட்டப்படி கையாளலாம். பதிவே இல்லாத ஒன்று, தாத்தா போரிலிருந்து கொண்டுவந்த இயந்திரத் துப்பாக்கிபோல, பெட்டியிலிருந்து கிடைத்தால் அதை இனிப் பதிவு செய்ய வழியில்லை. ஒரு வழக்கறிஞர் மூலம் ஏடிஎஃப்பைத் தொடர்புகொண்டு ஒப்படைப்பதே வாரிசுக்கு எஞ்சியிருக்கும் சட்டபூர்வ வழி.